றபீக் போகக் கேட்ட வீடு

1

இனி மொழிபெயர்க்க வரமாட்டேன் என்று நேற்றுக் காலை ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டேன். அங்கே வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் பெண் நல்லவள். உடம்புக்கு ஏதுமா என்று விசாரித்தாள். காது சரியாகக் கேட்பதில்லை என்றேன். காது நன்றாகத்தான் கேட்கிறது. அவளிடம் சொல்லாத காரணத்தை இங்கே எழுதுகிறேன். அதைக் கேட்க வேண்டியவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள்.

நான் கல்முனைக்குப் பக்கத்து ஊர்க்காரன். பொறியியல் படித்து, இங்கிலாந்தில் ஒரு நகரசபையில் வடிகால்களுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி மௌத்தான பிறகு என் நாட்கள் சுபஹுத் தொழுகை, ஓட்ஸ் கஞ்சி, மாத்திரைப் பெட்டி, ஜன்னலோரக் கதிரை என்று சுருங்கிப்போயின. "வீட்ல சும்மா இருந்தா நீங்க சுவரோட பேசுவீங்க வாப்பா" என்று மகள் நஸ்ரின்தான் என்னை இந்த வேலைக்குத் தள்ளினாள். அவள் இங்கேயே பிறந்தவள். அவளுடைய தமிழ், கேட்டுப் பழகிய தமிழ். வாயில் வரும்போது மரியாதை எல்லாம் உதிர்ந்துவிடும். ஒருமுறை என் தங்கச்சி சுபைதாவிடம் போனில், "மாமி, நீ எப்படி இருக்கிற?" என்று கேட்டுவிட்டாள். "நான் நல்லா இரிக்கன் மகள். உன்ட வாப்பாக்கும் இப்படித்தானா சொல்ற?" என்று சுபைதா அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள்.

மொழிபெயர்ப்பாளருக்கு விதிகள் குறைவு. ஆள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார்" என்று ஆரம்பிக்கக் கூடாது; அவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். எனக்குப் பெரும்பாலும் மனநல ஆஸ்பத்திரி வேலைதான் வந்தது. இந்த நாட்டில் ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக அங்கே தடுத்து வைத்தால், என்னை விடுங்கள் என்று அவர் கேட்கலாம். இலவசமாக ஒரு சட்டத்தரணி வருவார். நீதிபதியும் இன்னும் இருவரும் ஆஸ்பத்திரிக்கே வந்து உட்கார்ந்து விசாரிப்பார்கள். விசர் ஆஸ்பத்திரியில் கோர்ட்டா என்று ஊரில் சிரிப்பார்கள். நானும் முதலில் சிரித்தவன்தான்.

இங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். கட்டில் கிடைக்காமல் நடையில் படுத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தாதியர் கை பிசைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு கேள்வி இருந்தது. எந்த நோயாளியிடமும், எந்த நிலையிலும், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று யாராவது ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியைத் தமிழில் நூறு தடவையாவது சொன்னவன் நான்.

2

ஒரு விசாரணையில் நான் மொழிபெயர்த்த நோயாளியின் பெயரையும் ஊரையும் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. தமிழர், என்னை விட இளையவர், விசாரணை நாளன்று தலைக்கு எண்ணெய் தேய்த்து வாரியிருந்தார். உள்ளே போகுமுன் நடையில் அவருடைய மகன் என் கையைப் பிடித்து, "அப்பா எங்களோடதான் இருப்பார் அங்கிள், பிரச்சினை இல்லை" என்று சொல்லியிருந்தான்.

நீதிபதி ஒரு பெண்மணி. "உங்களை வெளியே விட்டால் எங்கே வாழ விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். மனிதர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. எத்தனை பெரிய மனிதர்கள் காத்திருக்கிறார்கள்! "நான் என் மகனோடு வாழ்வேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "அவர் வாய் திறக்கவில்லையே?"

"இல்லை."

"அப்படியானால் மறுபடி கேளுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்."

கேட்டேன். காத்திருந்தார்கள். அந்த அறையில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, இருமவில்லை, காகிதம் புரட்டவில்லை. கடைசியில் மனிதர் தலையை நிமிர்த்தினார்.

"மகன்ட வீட்டுக்குப் போகமாட்டன். அங்க எனக்குத் திறப்புத் தாறேல்ல. வெளிய போனாப் பெல் அடிச்சுக் காத்து நிக்கோணும். எனக்குச் சின்ன அறை எண்டாலும் காணும். திறப்பு என்ட கையில இருக்கோணும்."

அந்தச் சாவி வரை எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். நீதிபதி அவரைப் பார்த்து நன்றி சொன்னார். என்னைப் பார்த்து அல்ல. வெளியே வரும்போது அந்த மனிதர் என் பக்கம் குனிந்து, "ஐயா, ஏன் அவ்வளவு அந்தரப்பட்டீங்க? எனக்கு வாய் இருக்குத்தானே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது என் தம்பியை நினைத்தேன். பிறருக்காகப் பதில் சொல்வது எனக்கு அன்று வந்த பழக்கம் அல்ல.

3

எங்கள் கிழக்குக் கரையின் வழக்கத்தை வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்ததும் வாப்பா அத்திவாரத்துக்குக் கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு மனைவியின் வீட்டுக்குப் போவான். அன்றிலிருந்து அவன் 'என் வீடு' என்றால் அது மனைவியின் வீடு. பிறந்த வீடு தங்கச்சியின் வீடாகிவிடும். அங்கே அவன் விருந்தாளி. பெண்பிள்ளை தெருவில் நிற்காமலிருக்க நம் முன்னோர் செய்த ஏற்பாடு என்று இங்கே கூட்டங்களில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். ஆண்பிள்ளை தெருவில் நிற்க நேர்ந்தால் என்ன செய்வது என்று கூட்டத்தில் யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

றபீக் என் தம்பி; மூத்தவன் என்பதால் நான் அவனுக்குக் காக்கா. வாப்பாவின் வயலைப் பார்த்தவன் அவன். நான் முதல்முறை இங்கிலாந்திலிருந்து கோட்டோடு போய் இறங்கியபோது, "காக்கா குளிரையும் கையோட கொண்டாந்திரிக்கார், பாருங்க" என்று தெருவையே சிரிக்க வைத்தவன். மர்ழியாவைக் கலியாணம் செய்து, அவளுடைய வீட்டில் சில வருடம் சந்தோஷமாக இருந்தான். பிள்ளைகள் இல்லை. பிறகு ஒரு நெற்போகத்தில் தூக்கம் விட்டுப்போனது. வாய்க்கால் தண்ணீர் தன் பெயரைச் சொல்லி அழைக்கிறது என்றான். ஒருநாள் வயல் வட்டையில் இறங்கி, கண்ட வரம்பில் எல்லாம் தண்ணீர் மறித்த வக்கடையைத் திறந்துவிட்டான். நாற்று நட்டு இரண்டு நாளான வயல்களில் தண்ணீர் ஒரு பகலில் வடிந்துபோனது. விவசாயிகள் அவனை அடித்து, கட்டி, அவன் பிறந்த வீடான சுபைதாவின் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டார்கள்.

ஓதிப் பார்த்தார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலும் மருந்து கொடுத்தார்கள். மருந்தில் தெளிந்தான். மர்ழியா தினமும் மத்தியானம் சோறு கொண்டுவந்து பக்கத்திலிருந்து தின்ன வைத்தாள் என்று சுபைதா எனக்கு எழுதியிருந்தாள்.

நான் லீவில் போனேன். மர்ழியாவின் சகோதரர்கள் வந்து தலாக் கேட்டார்கள். கௌரவமாகத்தான் கேட்டார்கள். எனக்கும் அது சரியாகப் பட்டது. ஒரு இளம் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாது என்று வெளியே சொன்னேன். குடும்பத்தின் பெயர் இன்னும் கெடுமுன் முடித்துவிட வேண்டும் என்பது உள்ளே இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். புத்தி பேதலித்தவன் சொல்லும் தலாக் செல்லாது. நான் படித்தவன், இதுவும் படித்திருந்தேன். ஆகவே ஊரெல்லாம் விசர் என்று சொன்ன ஒருவனை, அந்த ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் சுகமானவன் ஆக்கினேன்.

தலாக் விசாரிக்கும் காதியார் கவனமான மனிதர். "தம்பி, ஒருத்தரும் வற்புறுத்தலியே? உங்கட மனசாரத்தானே?" என்று றபீக்கிடம் நேராகவே கேட்டார். றபீக் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"மனசாரத்தான் காதியார். நாங்க ஊட்டுல எல்லாம் கதச்சி முடிச்சித்துத்தான் வந்திரிக்கம்" என்றேன்.

வழியில் நான் சொல்லிக் கொடுத்ததை அவன் சொன்னான்.

திரும்பி வந்தபோது சுபைதாவின் கேற்றடியில் மர்ழியா நின்றாள். கையில் சோற்றுப் பாத்திரம் இருந்தது. எங்கள் ஊரில் தம்பி மனைவி மூத்தவனிடம் நேருக்கு நேர் நின்று கதைப்பது அரிது. அவள் கதைத்தாள்.

"காக்கா, நான் கேட்டனா?"

"உன்ட நன்மைக்குத்தான் மகள்."

"அவர் கேட்டாரா?"

நான் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டேன்.

அன்று பின்னேரம் றபீக் குளித்து, உடுத்து, வழக்கம் போல மர்ழியாவின் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டான். அவளுடைய சகோதரர்கள் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாளும் போனான். அதற்கு அடுத்த நாளும். பின் அறைக்குப் பூட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான். விமானம் ஏறுமுன் செய்த கடைசிக் காரியம் அது. பூட்டி வைத்தவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று ஆனதும் மருந்து எடுக்கப் போவதும் மெல்ல நின்றுபோனது. மர்ழியாவுக்கு வேறு மாப்பிள்ளை வந்தார். பிள்ளைகள் பிறந்தன. அவளுடைய வீடு சுபைதாவின் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான்.

நான் இங்கே இருந்து ஒழுங்காகப் போன் எடுத்தேன். "றபீக் எப்படி?" என்பேன். "சத்தம் இல்ல காக்கா" என்பாள் சுபைதா. அதை நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டேன்.

4

அந்த விசாரணை நடந்த வாரமே சுபைதா போன் எடுத்தாள். அவளுடைய மகள் ஹஸ்னாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. வீடு இனி ஹஸ்னாவின் வீடு. மாப்பிள்ளை வந்து குடியேறப் போகிறார்.

"மாப்புளட உம்மா வந்து ஊடு பாத்துத்துப் போனா காக்கா. பின் அறைய ஏன் பூட்டியிரிக்கி எண்டு கேட்டா."

"என்ன சொன்னாய்?"

"நெல்லு மூட்டை எண்டு சொன்னன். நான் சொல்லி வாய் மூடல்ல, றபீக் காக்கா உள்ளுக்கிருந்து செருமினார். நெல்லு செருமுமா காக்கா?"

சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அவளை நான் குறை சொல்லவில்லை. இத்தனை வருடமும் அந்த அறைக்குச் சோறு கொண்டு போனவள் அவள். துணி கழுவியவள் அவள். என் பங்கு ஒரு பூட்டு.

கரையை விட்டு உள்ளே தள்ளி ஒரு இடம் இருக்கிறதாம். இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்ப்பார்களாம். வேன் அனுப்புவார்களாம். கட்டி வைப்பார்களா என்று கேட்டேன். "தொடக்கத்தில மட்டும் எண்டு சொல்றாங்க" என்றாள். "நீங்க ஒரு முடிவச் சொல்லுங்க காக்கா. நீங்க சொன்னா மறுகா ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க."

நஸ்ரின் அன்று வந்திருந்தாள். ஸ்பீக்கரில் பாதி கேட்டு, பாதி புரிந்திருந்தாள்.

"சாச்சாவுக்கு லோயர் யாரு வாப்பா?"

"அங்க அப்படி இல்ல மகள்."

"அப்ப சாச்சா சைடில யாரு?"

நான் தேத்தண்ணீர் போட எழுந்து போனேன். அவளும் பின்னால் வந்து, "யாருமே இல்லயா? நீங்ககூட இல்லயா?" என்றாள். அவளுக்குச் சாச்சாவைத் தெரியாது. ஒரு பழைய படத்தில் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். என் பிள்ளை எங்கள் எல்லாவற்றிலிருந்தும் விலகிப் போய்விட்டாள் என்று வருந்திக்கொண்டிருந்தவன் நான். விலகி நின்றதால்தான் அவளால் அதைக் கேட்க முடிந்தது போலும்.

5

"அவனிட்டயே கேப்பம்" என்று மறுநாள் சுபைதாவிடம் சொன்னேன்.

"யாரிட்ட?"

"றபீக்கிட்ட."

"அவரிட்ட என்னத்தக் காக்கா கேக்கிற?" அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

வீடியோவில் கூப்பிடச் சொன்னேன். போனை ஜன்னல் கட்டில் சாய்த்து வைத்துவிட்டு அவளை வெளியே போகச் சொன்னேன். றபீக்கின் தாடி முழுக்க நரைத்திருந்தது. பல் கொஞ்சம்தான். ஸலாம் சொன்னான். முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து என் கம்பளிச் சட்டையைப் பார்த்தான்.

"காக்கா, இன்னும் குளிரத் தூக்கித் திரியிறீங்களா?"

இத்தனை காலமும் அந்த அறைக்குள் ஒரு மனிதன் முழுதாக இருந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் எத்தனையோ தடவை கேட்ட கேள்வியைக் கேட்டேன்.

"றபீக், நீ எங்க இரிக்க விருப்பம்?"

அவன் கதவுப் பக்கம் பார்த்தான். பதில் சொல்ல அனுமதி தேடுகிற பார்வை. யாரும் இல்லை. திரும்பவும் என்னைப் பார்த்தான். என் நாக்கு நுனியில் இரண்டு மூன்று பதில்கள் வந்து நின்றன. விழுங்கிக்கொண்டு காத்திருந்தேன்.

"என்ட ஊட்ட" என்றான்.

"இதுதானே..."

"இது சுபைதாட ஊடு காக்கா. என்ட ஊடு மர்ழியாட. இஞ்ச விருந்துக்கு வந்து மிச்ச நாளாப் போச்சி. இனியும் நிண்டா மர்ழியா ஏசுவா."

ஊரின் வழக்கத்தை அவனை விடச் சரியாகச் சொன்னவர் எவருமில்லை. ஆண்பிள்ளை தங்கச்சி வீட்டில் அதிக நாள் நிற்கக் கூடாது. தன் வீட்டுக்குப் போக வேண்டும்.

மர்ழியாவின் வீட்டில் வேறொருவர் இருக்கிறார் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டியவன் நான்; அந்தக் கணத்தில் எதிரே இருந்தவனும் நான். "பாப்பம் தம்பி" என்றேன்.

கதவுக்கு வெளியே நின்று கேட்டிருந்த சுபைதா போனை எடுத்துக்கொண்டு வளவுக்குப் போனாள். "கேக்காம இரிந்திரிக்கலாம் காக்கா" என்றாள்.

6

பிறகு ஓடித் திரிந்தேன். இங்கிருந்து ஓடுவது என்றால் போனில் ஓடுவதுதான். நம் பகுதியிலும் இப்போது அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநல டொக்டர் இருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்க்கும் ஆட்களும் இருக்கிறார்கள். நான் அறியாதிருந்தேன், அறிய முயலவும் இல்லை. அந்த டொக்டர் றபீக்கோடு தமிழில் பொறுமையாகக் கதைத்துவிட்டு, "பூட்டி வைக்கிற ஆள் இல்ல இவர். ஊசி போடுவம். கதைக்கப் பேச ஆள் இருந்தாப் போதும்" என்றாராம். பிறகு கேட்டாராம்: "எங்க இருக்கப் போறார்?"

மருந்து இருந்தது. டொக்டர் இருந்தார். கட்டி வைக்காதே, கேட்டுச் செய் என்று சொல்லும் மனிதர்கள்கூட நம் ஊரில் உருவாகியிருந்தார்கள். வீடு இல்லை. வாடகைக்கு அறை கேட்டோம். தனி ஆம்பிளையா என்று முகம் சுளித்தவர்கள், றபீக்கின் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். பழைய வக்கடைக் கதையை வட்டை இன்னும் மறக்கவில்லை. பள்ளிவாசலை அண்டிய அறையைக் கேட்டோம். பிள்ளைகள் ஓத வரும் இடம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருக்கலாம், வாழ வைக்க முடியாது.

வாசகர் ஒரு கேள்வி கேட்பார். நஸ்ரினும் கேட்டாள். "நீங்க போய் ஒரு வீடு எடுத்து அவரோட இருக்கலாமே வாப்பா?"

இருக்கலாம். என் இருதயத்துக்கு இங்கே கிளினிக் இருக்கிறது என்றேன். அங்கே எனக்கும் வீடு இல்லை. மனைவியின் வீடு அவளுடைய தங்கை மகளுக்குப் போய்விட்டது என்றேன். மழை, வெயில், வயது எல்லாம் சொன்னேன். அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டதை எழுதுகிறேன்: எனக்குப் பயம். நோய்க்கு அல்ல. ஒருநாள் காலையில் அவன் தெளிவாக என்னைப் பார்த்து, மர்ழியாவை ஏன் விட வைத்தீர்கள் என்று கேட்டுவிடுவான். அந்தக் கேள்வியோடு ஒரே கூரையின் கீழ் இருக்க எனக்குத் துணிவு இல்லை. மனிதர்களின் உரிமையைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் பேசத் தெரிந்தவனுக்கு இவ்வளவுதான் துணிவு.

கலியாண நாள் நெருங்கியது. நான் முடிவு எதுவும் சொல்லவில்லை. மூத்த காக்கா வாய் மூடியிருந்தால் எங்கள் ஊரில் அதுவும் சம்மதம்தான்.

7

வேன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்ததாம். கட்டித் தூக்கிக்கொண்டு போவதைத் தெரு பார்க்கக் கூடாது என்று சுபைதா நினைத்தாள். அதனால், "ஊட்ட போக வாகனம் வந்திரிக்கி" என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் எவரும் சொல்லாமலே குளித்தான். கலியாணத்துக்கென்று வந்திருந்த புதுச் சாரனையும் வெள்ளைச் சட்டையையும் கேட்டு உடுத்தான். தொப்பி போட்டான். அத்தர் கேட்டான். வேனில் தானாகவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

புறப்படுமுன் ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். காக்காவோடு கதைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். சுபைதா வீடியோவில் எடுத்தாள். எனக்கு இங்கே இன்னும் மத்தியானம் ஆகவில்லை. கையில் மாத்திரைப் பெட்டியோடு நின்றேன். திரையில் அவன் மாப்பிள்ளை போல இருந்தான்.

"காக்கா, மர்ழியாட ஊட்டதானே போறம்?"

சுபைதா வேன் ஜன்னலுக்கு வெளியே நின்று கையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். சாரதி பின்னால் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பிறகு அந்த வாசலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

"ஓம் தம்பி" என்றேன்.

"அப்ப சந்தியில நிப்பாட்டச் சொல்லுங்க. இத்தின நாளைக்குப் பிறகு வெறுங்கையோட போக ஏலா."

நிறுத்தியிருக்கிறார்கள். சாரதி இரக்கமுள்ள மனிதர்; கூடவே இறங்கிக் கடைக்குப் போனாராம். மர்ழியாவுக்கு இனிப்பில் தொதல்தான் விருப்பம் என்று றபீக் தொதல் வாங்கினான். தேங்காய்ப்பால் மணம் சரிதானா என்று மோந்து பார்த்துத்தான் வாங்கினானாம். மர்ழியாவின் தெருவுக்குத் திரும்பாமல் வேன் நேரே போனபோதும் அவன் சத்தம் போடவில்லை. வழி மாறிப் போகிறது என்று சாரதியிடம் இரண்டு தடவை சொன்னானாம். பிறகு தொதல் பொதியை மடியில் வைத்து, வெயில் படாமல் கையால் மூடிக்கொண்டு போனானாம்.

அந்த இடத்துக்கு வெளிச் சாப்பாடு கொண்டு போகக் கூடாதாம். வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.